பழைய மாடல் ரயில் எஞ்சினின் புகை யூனிட்: சுருளைச் சீராக்குவதா, ரெசிஸ்டர் வைப்பதா?

கரிப்பெட்டி:
என்னிடம் உள்ள 1950களின் லயனல் (அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனம்) நீராவி எஞ்சின் நன்றாக ஓடுகிறது. புகை மட்டும் நின்றுவிட்டது. யூனிட்டின் மூடியைத் திறந்து பார்த்தேன். புகை வருவதற்காகப் போடும் பழைய வில்லைகளின் மிச்சம் கம்பிச் சுருளின் மேல் கருகிய வெல்லப்பாகு போல இறுகிக் கிடக்கிறது. மல்டிமீட்டரின் முனைகளை வைத்தால் மின்சுற்று அறுந்திருப்பதாகவே காட்டுகிறது. சூடேறும் இந்த நிக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவைக் கம்பி) சுருளையே சரிசெய்யலாமா, அல்லது ரெசிஸ்டரும் (மின்தடை உறுப்பு) கண்ணாடி இழைத் திரியும் வைத்துப் புகை எண்ணெயில் இயங்கும்படி மாற்றிவிடலாமா?

திரிக்காரன்:
தயங்காமல் மாற்றிவிடுங்கள். அந்தச் சுருள் வில்லையை உருக்குவதற்காகச் செய்யப்பட்டது. அதில் திரி இல்லாமல் எண்ணெயை மட்டும் ஊற்றினால், சில சுற்று ஓடுவதற்குள் எண்ணெய் வற்றி, வெறும் கம்பி சூடேறி அறுந்துபோகும். நான் 27 ஓம் ரெசிஸ்டரைத் திரியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். திரி எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் புகை நெடுநேரம் சீராக வருகிறது. எஞ்சினை ஓட்டத்தானே வாங்குகிறோம், பெட்டியில் பூட்டி வைப்பதற்கா?

பழையபாதை:
திரிக்காரன் அவர்களே, பழுது எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே உறுப்பை மாற்றச் சொல்வது சரியல்ல. 1946இல் லயனல் முதலில் புகை கொண்டுவந்தபோது, விளக்கின் கண்ணாடித் தலையில் இருந்த குழியில் அம்மோனியம் நைட்ரேட் வில்லையைச் சூடாக்கிப் புகை எடுத்தார்கள். அந்த முறையை ஒரே ஆண்டில் கைவிட்டு 1947இல் நிக்ரோம் சுருளுக்கு வந்தார்கள். இத்தனை பத்தாண்டுகள் உழைத்த அமைப்பைக் குறைபாடு என்று எப்படிச் சொல்ல முடியும்? சுருள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. முனையில், பித்தளைக் கண்ணியில் (சிறு துளை வளையம்) நசுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் அறும். ஒரு சுற்றைப் பிரித்து, கம்பியைச் சுரண்டித் துலக்கி, புதிய கண்ணியில் நுழைத்து இடுக்கியால் நசுக்கினால் போதும். ஈயப் பற்று வைக்க முயலவேண்டாம்; நிக்ரோமில் அது எளிதில் ஒட்டாது, ஒட்டினாலும் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

திரிக்காரன்:
ஒரு சுற்றைக் குறைத்தால் மின்தடை குறையும், சூடு கூடும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பதினைந்து சுற்றில் ஒன்று போனால் சூடு ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். அடுத்த முறை அறுவதற்கு அதுவே வழி வகுக்கும்.

ஓம்அளவி:
இருவரும் சுருளின் மேலேயே கண்ணாக இருக்கிறீர்கள். அதை எரிப்பது எது என்று பார்க்கவில்லை. இந்த யூனிட் மோட்டாரைச் சாராமல் தண்டவாள மின்னழுத்தத்தை நேரடியாக வாங்குகிறது. எஞ்சினை முன்னும் பின்னும் ஓடவைக்கும் திசைமாற்றி நடுநிலையில் நிற்கும்போது மோட்டார் ஓடாது, புகையை வெளியே தள்ளும் பிஸ்டன் அசையாது, காற்றும் நகராது. சுருள் மட்டும் முழுச் சூட்டில் எரிந்துகொண்டிருக்கும். எஞ்சினை அப்படி நிறுத்திவிட்டு எழுந்து போகிறவர்களின் யூனிட்தான் முதலில் போகிறது. சுருள் 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், 14 வோல்டில் அது எடுப்பது 9.8 வாட், 18 வோல்டில் 16.2 வாட். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறுவதால்தான் இந்தப் பாய்ச்சல்.

பழையபாதை:
அப்படியானால் தொடரில் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைத்தால் சூடு பாதியாகக் குறையுமே?

ஓம்அளவி:
குறையும், ஆனால் அரை அலையை மட்டும் இழுக்கும் சுமை தண்டவாளத்தில் சிறிதளவு நேர்மின்னை (ஒரே திசையில் பாயும் DC) உண்டாக்கும். லயனலின் விசிலை ஊதவைக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) நேர்மின்னுக்குத்தான் இயங்குகிறது. வேண்டாத இடத்தில் அதைச் சீண்டுவானேன்? பிரிட்ஜ் ரெக்டிபையரின் (நான்கு டயோடு சேர்ந்த உறுப்பு) கூட்டல், கழித்தல் முனைகளை ஒன்றாக இணைத்து, மாற்றுமின் முனைகளைத் தொடரில் கொடுங்கள். இரு திசையிலும் ஏறக்குறைய 1.4 வோல்ட் குறையும். 14 வோல்ட் 12.6 ஆகும்போது சூடு ஏறக்குறைய 19 விழுக்காடு குறைகிறது. பழைய உறுப்பு எதையும் வெட்டவும் வேண்டியதில்லை. திரிக்காரன் சொன்ன 7 விழுக்காடும் இதில் அடங்கிவிடும்.

திரிக்காரன்:
இதை ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும்: பழைய யூனிட்டின் உட்புறத்தில் உள்ள நார் கல்நாராக இருக்கலாம். அப்படித்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கை வையுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டவோ ஊதவோ கூடாது. ஈரமாக்கி, முகக்கவசத்தோடு எடுத்து, உறையில் மூடி அப்புறப்படுத்த வேண்டும். அதை அகற்றிய பிறகு உள்ளே வைக்கப்போவது கண்ணாடி இழைதான் என்றால், என் கட்சி பாதி வென்றுவிட்டது!

பழையபாதை:
நார் உதிராமல் இருந்தால் தொடாமலே விட்டுவிடுவது நல்லது. கரிப்பெட்டி, சுருளைச் சரிசெய்த பிறகும் புகை வராவிட்டால், சூட்டு அறைக்கும் பிஸ்டன் அறைக்கும் இடையிலுள்ள சிறு துளையைப் பாருங்கள். பாகு அதில் இறங்கி அடைத்திருக்கும். அதைக் கவனிக்காமல் நல்ல சுருளைக் கழற்றி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, மெல்லிய கம்பியால் துளையைத் திறந்து, ஆல்கஹால் முழுவதும் ஆவியான பின்பே மின்சாரம் கொடுங்கள். பிஸ்டனுக்கு எண்ணெய் போடாதீர்கள். அது உலர்ந்தே ஓட வேண்டும்.

கரிப்பெட்டி:
முடிவைத் தெரிவிக்கிறேன். சுருள் பழையபாதை சொன்ன இடத்திலேயே, கண்ணிக்குள் அறுந்திருந்தது. நார் உறுதியாக இருந்ததால் அதைத் தொடவில்லை. புதிய கண்ணி போட்டதும் மீட்டர் 19 ஓம் காட்டியது. ஆனாலும் புகை புகைபோக்கியின் வாயிலேயே சோம்பலாகத் தேங்கி நின்றது. துளையைத் திறந்த பிறகுதான் சக்கரம் சுழலும் தாளத்தில் குப்குப்பென்று வந்தது. பிரிட்ஜை டெண்டருக்குள் (எஞ்சினுக்குப் பின்னால் இணையும் கரி வண்டி) வைக்க எண்ணினேன். இன்னொரு கம்பி இழுக்க வேண்டியிருந்ததால் எஞ்சினுக்குள்ளேயே, மோட்டாருக்குப் பின்னால், தகட்டில் படாதபடி உறையிட்டு வைத்துவிட்டேன். புகையின் அடர்த்தி சற்றுக் குறைந்திருப்பது உண்மை.

திரிக்காரன்:
அந்தக் குறைந்த புகைக்குத்தான் என்னிடம் திரி இருக்கிறது. மறுபடி அறுந்தால் சொல்லுங்கள்.