ஹேர்னிங்கும் ஓநாய்களும்: மிட்யூலான்ட் கழகத்தோடு எங்கள் அனுபவங்கள்

வேலணையூரான் (ஹேர்னிங்)

டென்மார்க்கின் மிட்யூலான்ட் உதைபந்தாட்டக் கழகத்துக்கு, 'ஓநாய்கள்' என்று பட்டப்பெயர் பெற்ற எங்கள் அணிக்கு, சரித்திரம் கிடையாது என்று கோப்பன்ஹேகன் பக்கத்து ரசிகர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வயதைப் பார்த்தால் அது உண்மைதான். ஓஹூஸ் நகரத்து ஏஜிஎஃப் கழகம் 1880இல் தொடங்கியது, ப்ரோண்ட்பி 1964இல். எங்கள் ஊர்க் கழகம் பிறந்ததே 1999 யூலையில். எண்பதுகளில் அகதிகளாக வந்து யூலான்ட் சிற்றூர்களில் குடியமர்ந்த எங்களில் பலர் அதற்கு வெகு முன்பே இங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். இந்தக் கழகத்தை முதல் நாளில் இருந்து கண்டவர்கள் நாங்கள். அதனால் அதன் கதையை எங்கள் மொழியில் ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும் என்பது என் ஆசை. யார் யார் எந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களோ எழுதுங்கள்.

இரண்டு பழைய கழகங்களின் இணைப்பில் இருந்து நான் தொடங்குகிறேன். ஹேர்னிங் ஃப்ரெமாட் 1918ஆம் ஆண்டுக் கழகம், ஈக்காஸ்ட் எஃப்எஸ் 1935. இரண்டு ஊருக்கும் இடையே காரில் கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால் இந்த ஊர்க்காரர் அந்த ஊர் அணிக்குக் கைதட்டமாட்டார். ஹேர்னிங் பக்கம் கார் விற்பனையாளர் ஸ்டீன் ஹெசல், ஈக்காஸ்ட் பக்கம் தச்சு நிறுவனம் நடத்திய ஜோனி ரூனே. தனித்தனியாக நின்றால் இரண்டும் எழும்பாது என்று கண்டு இருவரும் சேர்ந்து புதுக் கழகத்தை உருவாக்கினார்கள். என்னோடு வேலை செய்த ஒரு டேனிஷ் பெரியவர், பிறந்ததில் இருந்து ஃப்ரெமாட் ஆள், அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஒருவரோடும் கதைக்கவில்லை. அடுத்த வருடமே ஓவ பேடர்சன் பயிற்றுநராக இருந்த அந்தப் புது அணி இரண்டாம் தரத்தில் முதலாவதாக வந்து முதல் தரமான சூப்பர்லீகாவுக்கு ஏறியது. ஏறிய முதல் பருவத்தில் நாலாம் இடம், அடுத்ததில் மூன்றாம் இடம். பெரியவர் மூன்றாம் இடம் வந்த பிறகுதான் மனம் இறங்கினார்.

ஈக்காஸ்ட் அக்கா

தம்பி, ஹேர்னிங் பக்கத்தை மட்டும் எழுதினால் போதாது. எங்கட ஊர்ச் சனம் பட்ட பாடு கனக்க. ஈக்காஸ்ட் எண்பதுகளில் முதல் தரத்தில் நிண்டு பெரிய நகரத்து அணிகளை அடிச்ச கழகம். தையல், பின்னல் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர் இது. நானும் அப்படி ஒரு இடத்தில்தான் மெஷினில் இருந்தனான். அந்தத் தொழில் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கிய காலத்திலேயே உதைபந்தாட்டக் கழகத்தின்ர பெயரும் போகுது எண்டால் யாருக்குத்தான் தாங்கும்? என்னோடு வேலை செய்த பெண்கள் அழுததைக் கண்டனான்.

பிறகு ஒரு மாதிரிப் பங்கிட்டார்கள். 2004 மார்ச்சில் புது அரங்கு ஹேர்னிங்கில் திறந்தது, பயிற்சித் திடல் ஈக்காஸ்டில் நிண்டது. திறந்த அண்டைக்கு ஏபி அணியை 6-0 எண்டு அடிச்சவை. நான் போகேல்ல, மகன் போனவன். வீட்டுக்கு வந்து அந்த ஆறு கோலையும் ஒவ்வொண்டாக நடிச்சுக் காட்டினவன்.

நாவாந்துறைப் பெடியன் (ஹோல்ஸ்டபுரோ)

2008 ஓகஸ்ட், மன்செஸ்டர் சிட்டி. இதை நான் எழுதாமல் விட்டால் நித்திரை வராது.

ஊரில் நாங்கள் கடற்கரை மணலில் பந்து அடிச்சு வளர்ந்தனாங்கள். நாவாந்துறையும் குருநகரும் மோதினால் கோயில் திருவிழாவை விடக் கூட்டம் வரும். இங்க வந்து குளிரில் ஒரு ஆட்டத்தை அப்படி மனம் விட்டுப் பார்க்க ஏலும் எண்டு அண்டைக்குத்தான் கண்டனான். ஐரோப்பியக் கழகங்கள் மோதுற யூஏஃபா கிண்ணத் தகுதிச் சுற்று. முதல் ஆட்டம் மன்செஸ்டரில், டானி ஓல்சன் கோல் போட்டு எங்கட ஆக்கள் 1-0 எண்டு வெண்டுட்டினம். திரும்பி ஹேர்னிங்கில் ஆட்டம். கோல் இல்லாமல் முடிஞ்சால் காணும், சிட்டி வீட்டுக்குப் போகும். 89ஆவது நிமிடம். எங்கட தடுப்பாளர் டானி கலிஃபின்ர காலில் பட்டுப் பந்து எங்கட வலைக்குள்ள போட்டுது. அதுக்குப் பிறகு மேலதிக நேரம், பெனால்டி, 4-2 எண்டு சிட்டி வெண்டுது.

முழு அரங்கும் எழும்பி நிண்டு தோத்த அணிக்குக் கைதட்டினது. ஒரு கிழமை ஆகமுன்னம் அபுதாபிக்காரர் சிட்டியை வாங்கின செய்தி வந்தது. அந்தச் சிட்டியை ஒரு நிமிடத் தூரத்தில் விட்டவை எங்கட ஆக்கள்.

மூன்று பிள்ளைகளின் தகப்பன் (ஹேர்னிங்)

என் இளையவன் பந்து விளையாடுகிறவன், ஆகவே அகடமி பற்றி எழுதுகிறேன். 2004இல் இவர்கள் தொடங்கியதுதான் டென்மார்க்கில் இந்த மாதிரியான முதல் அகடமி என்பார்கள். முதல் தொகுதியில் சைமன் ஷேர் இருந்தார். தகப்பன் கழகத்தில் உபகரணப் பொறுப்பாளர். யார் பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்று பயிற்றுநர்களிடம் பெயர் எழுதக் கேட்டபோது ஒருவர்கூட ஷேரின் பெயரை எழுதவில்லை. அந்தப் பயிற்றுநர்களில் ஒருவரான ராஸ்முஸ் ஆங்கர்சன் பிறகு அதைத் திரும்பத் திரும்ப மேடைகளில் சொன்னார். ஷேர் 2008இல் பலேர்மோ போய், டென்மார்க் அணித் தலைவராகி, 132 ஆட்டங்கள் ஆடினார். நாட்டுக்காக அவரைவிடக் கூட ஆடியவர் கிறிஸ்டியன் எரிக்சன் ஒருவரே. 2021 யூன் மாதம் அந்த எரிக்சன் இதயம் நின்று மைதானத்தில் விழுந்தபோது முதலில் ஓடிப்போய்க் கிடத்தியவரும், வீரர்களைச் சுற்றி நிறுத்தி மறைத்தவரும், எரிக்சனின் மனைவியை ஆறுதல்படுத்தியவரும் அவரே. தெரிவுப் பட்டியலில் பெயர் வரவில்லை என்று என் மகன் ஒருநாள் சாப்பிடாமல் படுத்தபோது நான் சொன்னது இந்தக் கதையைத்தான்.

நைஜீரியாவில் எபெடேய் என்ற கழகத்தோடும் இவர்களுக்குத் தொடர்பு உண்டு. போல் ஒனுவாச்சு, ஃபிராங்க் ஒன்யேக்கா இருவரும் அந்த வழியாக வந்தவர்கள்.

தீவகத்தாள் (ஹேர்னிங், ட்யோரிங்)

ஒனுவாச்சு பெயரைச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா, இனி 2016 பெப்ரவரி 18ஐச் சொல்லாமல் இருக்கமுடியாது. மன்செஸ்டர் யுனைட்டட் ஹேர்னிங்கில்! நான் இங்கேயே பிறந்தவள், அன்றைக்கு மாணவி. என் தம்பியும் நானும் மேலே, கம்பளித் தொப்பிக்குள் முகம் மட்டும் தெரிய நின்றோம். ஆட்டத்துக்கு முன் உடல் சூடேற்றும்போது யுனைட்டட் கோல்காப்பாளர் டே ஹேயாவுக்குக் காயம், பதிலுக்கு ரொமேரோ கோல் காத்தார். யுனைட்டடின் டெப்பாய் முதல் கோல் அடித்ததும் இனி அவ்வளவுதான் என்று பக்கத்தில் ஒருவர் எழும்பினார். இடைவேளைக்குச் சற்று முன் எங்கள் பியோனே சிஸ்டோ சமப்படுத்தினார். 77ஆவது நிமிடம் ஒனுவாச்சு. 2-1. அந்தச் சத்தம் போல் ஒன்றை இந்த அமைதியான ஊரில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சிஸ்டோ பற்றி நீட்டி எழுதவேண்டும். தெற்கு சூடான் பெற்றோருக்குக் கம்பாலாவில் பிறந்து, கைக்குழந்தையாக டென்மார்க் வந்தவர். எங்கள் ட்யோரிங் கழகத்தில் ஆடிவிட்டு மிட்யூலான்ட் போனவர். டேனிஷ் குடியுரிமை 2014 கடைசியில்தான் கிடைத்தது. அதற்கு முன்பே லீக்கில் எல்லோரும் பேசும் ஆட்டக்காரர்! வீட்டில் அம்மா அப்பாவும் குடியுரிமைப் பரீட்சைக்குப் புத்தகம் விரித்து இருந்தவர்கள், அதனால் சிஸ்டோவின் கோல் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் வேறு மாதிரி ஒலித்தது. ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்திலும் முதல் கோல் அவருடையது. ஆனால் ஆட்டத்துக்கு முன் மார்ஷியலுக்குக் காயம் என்று யுனைட்டட் பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவனை இறக்கியிருந்தது. அவன்தான் ராஷ்ஃபோர்ட், இரண்டு கோல். 5-1 என்று தோற்றோம்.

அவேர் மாபில் இன்னொருவர். கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்து, அடிலெய்டில் வளர்ந்து, 2015இல் ஹேர்னிங் வந்தார். 2022இல் ஆஸ்திரேலியாவை உலகக் கிண்ணத்துக்கு அனுப்பிய பெரு ஆட்டத்தில் அவர் பெனால்டி அடித்ததைப் பார்த்து அப்பா எழும்பி நின்றுவிட்டார்.

கணக்கன் (வைலே)

எல்லோரும் உணர்ச்சியோடு எழுதுகிறீர்கள், நானும் ரசிகன்தான். ஆனால் 2014ஐத் தாண்டிப் போகக்கூடாது. அந்த வருடம் பந்தயக் கணிப்புத் தொழிலில் பணம் சேர்த்த ஆங்கிலேயர் மத்தியூ பென்ஹாம் பெரும்பங்கை வாங்கினார், ஆங்கர்சன் தலைவரானார். அது இல்லாவிட்டால் சம்பியன் பட்டம் இருக்காது.

அவர்கள் செய்ததைக் கிட்ட இருந்து பார்த்தவனுக்குச் சலிப்பே வராது. கோர்னர், ஃப்ரீ கிக் இரண்டுக்கும் தனி நேரம் ஒதுக்கிப் பயிற்சி. மற்ற அணிகள் ஓய்வெடுக்கும் தருணத்தில் இவர்கள் கோல் அடிப்பார்கள். கோர்னர் கிடைத்தாலே அரங்கு எழும்பும், அப்படி நம்பிக்கை. பந்தைக் கையால் எறிவதற்குக்கூட ஒரு பயிற்றுநர், தோமஸ் கிரோனமார்க். 2018இல் லிவர்பூல் அவரைக் கூப்பிட்டது. ஆட்டக்காரரை வாங்கும்போது பேருக்கும் புகழுக்கும் மேலாகத் தரவைப் பார்த்தார்கள். 2015இல் கிளென் ரிடர்ஸ்ஹோல்மின் கீழ் முதல் பட்டம் வந்தது. 2018இல் யெஸ் தோரூப், 2020இல் பிரியான் பிரிஸ்க. 2020இல் கோப்பன்ஹேகனைவிட 14 புள்ளி கூட. அதற்கு முன்? 2007, 2008 இரண்டிலும் இரண்டாம் இடம். டேனிஷ் கிண்ண இறுதி ஆட்டம் நாலு, நாலிலும் தோல்வி.

ஈக்காஸ்ட் அக்கா

கணக்கன் தம்பி, காசும் கணக்கும் உதவினது உண்மை. ஆனால் எங்கட தடுப்பாளர் கிறிஸ்டியான் பாக் பாக் எத்தனை வருசம் இந்த அணிக்காக மாடாய் உழைச்சவர்! வெள்ளிப் பதக்கக் காலம் முழுக்க நிண்டு, முதல் பட்டத்தையும் அணிக்குள்ள இருந்து கண்டவர். அந்த அத்திவாரத்துக்கு மேலதான் பென்ஹாம் கட்டினவர். எனக்கு 2019 தான் பெரிசு. கோப்பன்ஹேகன் பார்க்கன் அரங்கில் ப்ரோண்ட்பியோட கிண்ண இறுதி ஆட்டம், 1-1, பெனால்டியில் 4-3 எண்டு வெண்டம். 2003இலும் 2005இலும் எங்களை இறுதியில் அழ வைச்சது அதே ப்ரோண்ட்பிதான். 2022இலும் ஓபி அணியோட அதே 4-3 பெனால்டி. அதோட ரெண்டாவது கிண்ணம்.

வல்வைக் காற்று (ஹேர்னிங்)

கொரோனா நேரம் ஒருவரும் எழுதவில்லையே. 2020 மே கடைசியில் லீக் திரும்பத் தொடங்கி, யூன் முதலாம் திகதி எங்கள் அணி ஆடியபோது அரங்குக்குள் சனம் போகமுடியாது. கழகம் வாகனத் தரிப்பிடத்தில் பெரிய திரைகளைக் கட்டியது. நாங்கள் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, வர்ணனையை வானொலியில் கேட்டுக்கொண்டு பார்த்தோம். கைதட்டலுக்குப் பதில் ஹோர்ன்! பின் சீட்டில் அம்மம்மா. அவருக்கு ஆட்டத்தின் சட்டம் ஒன்றும் தெரியாது, ஆனால் மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருந்தவர் அன்றைக்குத்தான் வெளியே வந்து மனிதரைப் பார்த்தார். அதற்காகவே இந்தக் கழகத்துக்கு நன்றி சொல்வேன்.

அந்த வருடமே ஸ்லாவியா பிராகை 4-1 என்று வென்று சம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குள் போனோம். லிவர்பூல், அயாக்ஸ், அட்டலாண்டா குழு. ஹேர்னிங்கில் லிவர்பூலின் சாலா 55 விநாடிக்குள் கோல் அடித்தார். ஆனாலும் ஆட்டம் 1-1 என்றுதான் முடிந்தது, அலெக்சாண்டர் ஷோல்ஸ் பெனால்டி.

நாவாந்துறைப் பெடியன்

2022 செப்டம்பரில் இத்தாலியின் லாசியோவை 5-1! மறந்துபோட்டியளே. அதில் ஒரு கோல் போட்ட குஸ்டாவ் இசாக்சனை அடுத்த வருசம் அதே லாசியோ வாங்கிக்கொண்டு போனது.

பிராண்டவாசி

எங்கள் அபிராமி அம்மன் கோயில் இருக்கும் அதே பிராண்ட ஊரில்தான் பெஸ்ட்செல்லர் உடைகள் நிறுவனத்தின் தலைமையகமும். அதன் உரிமையாளர் ஆண்டர்ஸ் ஹோல்க் பொவ்ல்சன் 2023இல் மிட்யூலான்டின் பெரும்பங்கை வாங்கினார். இங்கிலாந்தில் இருந்து உரிமை திரும்ப நெசவுத் தொழில் வளர்த்த மண்ணுக்கே வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அடுத்த வருடம், 2024 மே 26ஆம் திகதி, லீக்கின் கடைசிச் சுற்று. ஹேர்னிங்கில் நாங்கள் சில்கபோர்க்கோடு, ப்ரோண்ட்பி தன் வீட்டில் ஏஜிஎஃப்போடு. நான் ஒரு கண்ணைப் புல்தரையிலும் ஒரு கண்ணைத் தொலைபேசியிலும் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஆட்டம் 3-3. அங்கே ப்ரோண்ட்பி 2-3 என்று தோற்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோமஸ் தோமஸ்பெர்கின் அணிக்கு நாலாவது பட்டம். முன் வரிசையில் இருந்த டேனிஷ் கிழவர் ஒருவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி ஏதோ கத்தினார். நானும் பதிலுக்குத் தமிழில் கத்தினேன்.

2005 இறுதி ஆட்டத்தை ப்ரோண்ட்பியோடு மேலதிக நேரத்தில் 3-2 என்று விட்டோமே, அதை நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். ஈக்காஸ்ட் மைதானத்தில் ஆடிய முதல் பருவத்தின் படங்கள் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள்.