மேண்டிஸ் இறால் தொட்டியில் பாசி மேய விட்டவை: எது நின்றது, எது போனது?

உப்புக்காற்று:
150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, 13 செ.மீ. பீகாக் (ஓட்டை அடித்து உடைக்கிற வகை மேண்டிஸ்), கல் முழுக்க முடிப்பாசி. கடையில் சொன்னபடி டர்போ நத்தை எட்டு. முதல் ராத்திரி ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் விளக்கு அணைகிற நேரத்தில்தான் அந்தச் சத்தம். ஒரு டர்போ முன்கண்ணாடியில், மணலிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டியிருந்தது. பீகாக் பக்கத்துக் கல்லில் ஏறி, மீசையால் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு ஓட்டின் விளிம்பில் ஒரே அடி. நத்தை கழன்று விழுந்தது. வளைக்குள் இழுத்துப் போய் அடி, திருப்பு, தடவு, மறுபடி அடி. பத்து நிமிஷம் டொக் டொக்.

அது கூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில் அந்தக் காலி ஓடு வளை வாசலில் கதவு மாதிரி அடைத்திருந்தது. அந்தக் கதவின் மேலேயே இன்னொரு டர்போ மேய்ந்துகொண்டிருந்தது.

நான்கு வாரத்தில் எட்டும் காலி, பாசி பாதிதான் குறைந்தது. உங்கள் தொட்டிகளில் என்ன ஆயிற்று?

மூன்றாம்அலை:
எட்டையும் மேண்டிஸ் கணக்கில் எழுதாதீர்கள். ஓடுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். வாய் உதடு நொறுங்கியிருந்தால், அல்லது கூர்நுனி உடைந்திருந்தால் அடிபட்டது. கீறல் இல்லாமல் முழு ஓடாகக் கிடந்தால் அது பட்டினியிலோ உப்பு அதிர்ச்சியிலோ செத்தது. மேண்டிஸ் ஓட்டை உடைக்காமல் நத்தையை உறிஞ்சி எடுக்காது.

இங்கே 7 செ.மீ. ஸ்மித்தி மேண்டிஸ் இருக்கிற 90 லிட்டரில் ஐந்து ட்ரோகஸ் நத்தை விட்டதில் இரண்டு சின்னது முதல் வாரமே போனது. அடிவாரம் 4 செ.மீ. இருந்த மூன்றும் எட்டு மாதம் தாண்டின. அவற்றில் ஒன்றை ஸ்மித்தி பதினாறு தடவை அடித்துவிட்டு விட்டுப் போன ராத்திரி உண்டு. ஓட்டில் வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது. சைஸ்தான் காப்பாற்றியது.

இனி நத்தை வாங்குகிறவர்களுக்கு. கடைத் தொட்டியில் உப்படர்த்தி பெரும்பாலும் 1.020 பக்கம் வைத்திருப்பார்கள், உங்களுடையது 1.025. பையை மிதக்கவிட்டு இருபது நிமிஷத்தில் கொட்டினால் நத்தை உள்ளே சுருங்கிக் கிடக்கும், இரண்டு நாள் நகராது. நகராத நத்தையை மேண்டிஸ் ஏன் விடப்போகிறது? நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு வீதம் விட்டு, பைத் தண்ணீர் மூன்று மடங்காகும் வரை பொறுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். மெக்ஸிகன் டர்போ குளிர்ந்த கடல் பிராணி, 28 டிகிரியில் வாடிப்போகும். ஆஸ்ட்ரியா நத்தை மல்லாந்து விழுந்தால் புரளத் தெரியாமல் கிடக்கும், மேண்டிஸுக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரி. ட்ரோகஸ் தானே புரண்டு எழும். செரித் நத்தை பகலில் மணலுக்குள் போய்விடும். ஓடு கெட்டியாக இருந்தால் தப்பிக்கும் என்று நம்பாதீர்கள். ஷீலா படேக், ராய் கால்ட்வெல் என்ற ஆய்வாளர்களின் குழு 2004ல் அளந்தபோது பீகாக்கின் வீச்சு நொடிக்கு 23 மீட்டர் வரை போனது. 2005ல் அளந்த விசை உச்சத்தில் 1500 நியூட்டன் பக்கம். அடி ஒன்று, அதன் பின்னாலேயே நீரில் உண்டாகும் குமிழி நொறுங்குகிற அதிர்ச்சி இன்னொன்று. ஆக, ஒரு வீச்சுக்கு ஓட்டில் இரண்டு இடி. பீகாக்கின் சொந்தக்கார மேண்டிஸ் இனமான பிரெடினி, நத்தையின் வடிவத்துக்குத் தக்கபடி அடிக்கிற இடத்தை மாற்றுகிறது என்று 2018ல் ஆய்வே வந்திருக்கிறது. குட்டையான ஓடு என்றால் வாய்ப்பக்கம். நெட்டையான ஓடு என்றால் வாயில் தொடங்கி நுனிக்குப் போகும்.

பண்ணைக்கடல்:
எல்லாரும் நத்தையைப் பற்றியே கதைக்கிறீங்கள். உங்களிட்ட கிடக்கிறது எந்த வகை எண்டு முதல்ல சொல்லுங்கோ. இங்க 20 செ.மீ. லைசியோஸ்குவில்லினா, குத்துற வகை மேண்டிஸ். மணலுக்குள்ள 3 அங்குல பிவிசி குழாய், 80 செ.மீ. நீளம். ட்ரோகஸும் செரித்துமாப் பதினைஞ்சு நத்தை ரெண்டு வருசமா உயிரோட நிக்குது. வளை வாசலுக்குக் குறுக்கால நத்தை வந்தா, உள்ள இருந்து ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

போனது புல்வெட்டி பிளென்னி மீன். கண்ணாடிப் பாசியை அப்படி வடிவாச் சுரண்டித் தின்னும். பின்னேரம் மேண்டிஸ் மணலில ரெண்டு கண் மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. பிளென்னி ஒரு சாண் தள்ளிக் குந்தியிருந்து, பிறகு மெல்ல அரைச் சாண் கிட்ட வந்தது. மணல் கொஞ்சம் புகைஞ்ச மாதிரி இருந்தது, பிறகு மணல் மட்டும்தான். சத்தம்கூட இல்லை.

அடிக்கிற வகைக்கு முன்கை முட்டி உருண்டு வீங்கிக் கிடக்கும். குத்துற வகைக்கு அதே இடத்தில சீப்புப் பல்லு மாதிரி முள் வரிசை. அதைப் பார்க்காம நத்தையா மீனா எண்டு கேட்டால் விடை இல்லை. குத்துறதுக்கு நத்தை, அடிக்கிறதுக்கு நடுத் தண்ணியில நீந்துற மீன். கல்லில குந்துற மீன் ரெண்டு வகைக்கும் சரிவராது.

நீலக்கால்:
பண்ணைக்கடல் அண்ணா சொல்றது பெரும்பாலும் சரி, ஆனா அடிக்கிற வகை எல்லாம் ஒண்ணு இல்ல. கல்லோட ஒளிஞ்சு வந்த 5 செ.மீ. வென்னரே, அதுவும் அடிக்கிற மேண்டிஸ்தான், 40 லிட்டர். பத்து நீலக்கால் ஹெர்மிட் நண்டு விட்டா வாரத்துக்கு ரெண்டு காலி. முதல் அடி ஓட்டுக்கு இல்ல, வெளிய நீட்டின கொடுக்குக்கு. கொடுக்கு போனதும் நண்டு உள்ள சுருங்குது, அப்புறம் வாய் ஓரமா உடைச்சு இழுக்குது. அதே சைஸ் ஹெர்மிட் பக்கத்துத் தொட்டியில 15 செ.மீ. பீகாக் கால் நடுவுல நடந்து போகுது, அது திரும்பிக்கூடப் பாக்கல. சின்ன நண்டு பெரிய மேண்டிஸுக்குக் கொறிக்கக்கூடக் காணாது. பெரிய நண்டுன்னா விருந்து. எமரால்டு நண்டு பக்கமே போகாதீங்க. குமிழ்ப்பாசியத் தின்னும், ஆனா பீகாக் அதை ஒரு ராத்திரி தாண்ட விடாது.

முள்தொப்பி:
கடல் முள்ளெலியை யாரும் சொல்லவில்லை. டக்சிடோ, 5 செ.மீ., 11 செ.மீ. பீகாக்குடன் ஐந்து மாதம். முள் நாலைந்து உடைந்தது தவிரச் சேதம் இல்லை. கல்லை வெள்ளையாக வழித்துவிடும், சுண்ணப்பாசியையும் சேர்த்து.

பிரச்சினை வேறு பக்கமிருந்து வந்தது. பீகாக் தோல் உரிக்க வளையைக் கல்துண்டால் அடைத்து எட்டாம் நாள். டக்சிடோவுக்குக் கல், ஓடு என்று கிடைத்ததைத் தலைமேல் தூக்கிக்கொண்டு திரிகிற பழக்கம். அந்த அடைப்பிலிருந்தே இரண்டு துண்டைத் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு போய்விட்டது. டார்ச் அடித்தால் உள்ளே பால் நிறத்தில் புதுத் தோல். பீகாக் வாலை வாசலுக்குத் திருப்பி அடைக்கப் பார்க்கிறது, அந்த வாலே இன்னும் இறுகவில்லை. ஓட்டைக்குள் முள்ளெலியின் குழாய்க்கால்கள் துழாவிக்கொண்டிருந்தன.

முள்ளெலியை இடுக்கியால் எடுத்துச் சம்ப்பில் (கீழே இருக்கிற வடிகட்டித் தொட்டி) காய் வடிகட்டும் பிளாஸ்டிக் கூடைக்குள் போட்டு, வாசலுக்கு வெளியே பெரிய கல் ஒன்றைச் சாய்த்து வைத்ததோடு சரி. உள்ளே குச்சி விடவில்லை. பதினாறாம் நாள் வெளியே வந்தது, ஒரு முன்கை கோணல். அடுத்த உரிப்பில் நேரானது. வளை அடைபட்டதும் முள்ளெலி, நண்டு எல்லாம் வெளியே போக வேண்டும். அப்போது வேட்டைக்காரன் யார் என்பது மாறிவிடும். தொட்டி அக்ரிலிக் என்றால் முள்ளெலியே வேண்டாம், சுவரைக் கீறித் தள்ளும்.

சம்ப்சாமி:
முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டோலபெல்லா கடல் முயல் ஒன்று, முடிப்பாசித் தொட்டியைப் பத்து நாளில் மொட்டையடித்தது. பீகாக் ஒரு தடவை தட்டியது, தொட்டி முழுக்க ஊதா மை. பம்பை நிறுத்தி, கார்பன் புதிதாகப் போட்டு, பாதித் தண்ணீர் மாற்றி, மறுநாள் இன்னும் கால்பங்கு மாற்றியதில் பிழைத்தன. அதற்குப் பிறகு அந்த இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. கடல் முயல் போடுகிறவர்கள் பம்ப் வாயில் பஞ்சு கட்டாமல் போடாதீர்கள். பாசி தீர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பட்டினியில் சாகும்.

இனி யாரும் கேட்காதது. பாசி ஏன் வருகிறது? பீகாக்குக்குக் கடும் வெளிச்சம் தேவையே இல்லை, ஓட்டில் குழி விழுகிற நோயை வெளிச்சத்தோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். பவழம் வளர்க்கிற விளக்கை மேண்டிஸ் மேல் எரிய விட்டுவிட்டு நத்தை தேடுகிறோம். நாளுக்கு ஆறு மணி நேரம், நீலம் தூக்கலாக, கால்பங்கு வெளிச்சம் போதும். தண்ணீர் அடுத்தது. சென்னையில் போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) 1000 தாண்டுகிற இடங்கள் உண்டு. சமையலறை ஆர்ஓவில் ருசிக்காக உப்பைத் திருப்பிக் கலக்கிற திருகு இருக்கும். அதை மூடினாலும் மீட்டர் பூஜ்யம் காட்டாது, பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ குப்பி ஒன்று வேண்டும். தீனி மூன்றாவது. சந்தையில் வரும் உரித்த இறாலை எடை நிற்கப் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்திருக்கலாம், அப்படியே போட்டால் பாசிக்கு உரம். ஓட்டோடு உள்ள இறால், மட்டி, சின்ன நண்டு வாங்கி ஆர்ஓ தண்ணீரில் அலசிப் போடுங்கள். வாரம் மூன்று தடவை, கட்டைவிரல் நகம் அளவு. மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். வயிறு நிறைந்த மேண்டிஸ் நத்தையை மெதுவாகத்தான் தேடும். தேடாமல் இருக்காது.

சம்ப்பில் கீட்டோமார்ஃபா பாசி டென்னிஸ் பந்து அளவு போட்டு, மேல் விளக்கு அணைந்த பிறகு அதற்கு 12 மணி நேரம் விளக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை அறுத்து எறியுங்கள், அதோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியே போகும். பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 மி.கிராமுக்கும் 0.1 மி.கிராமுக்கும் நடுவில் நின்றால் போதும், பூஜ்யத்துக்கு விரட்டாதீர்கள். கல்லில் இருக்கிற பாசிக்கு அரை அங்குல பிவிசி குழாய் நுனியில் பல்துலக்கும் பிரஷ், பக்கத்தில் 12 மி.மீ. ஹோஸ் கட்டி, தேய்க்கத் தேய்க்க உறிஞ்சி வடிகட்டிப் பைக்குள் விடுங்கள். கையை விடாதீர்கள். காந்தத் துடைப்பானை வளைப் பக்கம் கொண்டுபோனால் அதையும் அடிக்கும், அடி கண்ணாடியில் இறங்கும். பாசிக்கொல்லி மருந்து வாங்கும்போது லேபிளில் காப்பர் என்று ஒரு எழுத்து இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். மீன் தாங்குகிற அளவிலேயே மேண்டிஸ் செத்துவிடும். ஹீட்டரும் சம்ப்பில்தான் இருக்க வேண்டும்.

நீலக்கால்:
கேட்டது மேயுற பிராணி, குடுத்தது பிளம்பிங் பாடம் 😄

சம்ப்சாமி:
பிளம்பிங் சரியாக இருந்தால் பிராணி கேட்கவே மாட்டீர்கள் தம்பி.

கரைவலை:
சர்ஜன் மீன், ஓரா எல்லாம் யோசிக்கிறவர்களுக்கு: அடிக்கிற வகையோடு பகலில் ஒத்துப்போகும். ஓரா 150 லிட்டரில் ஒரு வருஷத்தில் திரும்ப இடம் இல்லாமல் வளரும், முதுகு முள்ளில் விஷம். ராத்திரி ஓரா கல் இடுக்கில் நிறம் மங்கிச் சாய்ந்து கிடக்கும், அதே இடுக்கு மேண்டிஸின் வழியும்கூட. வால் பிய்ந்து விடிந்த ஓராவைப் பார்த்தபின் தொட்டியில் மீன் வேண்டாம் என்றே தோன்றும். மணல் அழுக்குக்குக் கடல் அட்டை போடலாமா?

மூன்றாம்அலை:
இந்தியாவில் போடக்கூடாது. கடல் அட்டை எல்லா இனமும் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில். ராமநாதபுரம் பக்கம் பிடிபடுகிற செய்தி படிப்பதில்லையா? கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பண்ணைக்கடல்:
இங்க இலங்கையில கடலட்டைப் பண்ணையே வச்சிருக்கினம். ஆனா அட்டை கல்லுப் பாசி தின்னாது, மணலைத்தான் விழுங்கும். முடிப்பாசிக்கு அதைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

முள்தொப்பி:
யாரும் காசு கொடுத்து வாங்காத ஒன்று: ஸ்டொமடெல்லா நத்தை. காது வடிவ மெல்லிய ஓடு, ராத்திரியில் மட்டும் நகரும், தட்டினால் காலின் வால்நுனியை உதறிவிட்டு ஓடும். மேண்டிஸ் அந்த நுனியோடு நின்றுவிடும். சம்ப்பில் நான்கு இருந்தால் பெருகும், குஞ்சுகள் பம்ப் வழியாக மேலே போகும். கைட்டன் (தட்டையான, தகடு தகடாக ஓடு கொண்ட பிராணி) ஒன்றிரண்டு கல்லோடு வந்தால் எடுக்காதீர்கள், கல்லோடு கல்லாக ஒட்டியிருப்பதால் நெம்ப விளிம்பு கிடைக்காது. இரண்டும் சவ்வுப் பாசியைத்தான் மேயும். விரல் நீளம் வளர்ந்த முடிப்பாசியை முதலில் பிரஷ்ஷால் எடுத்தாக வேண்டும்.

உப்புக்காற்று:
ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தாயிற்று. ஐந்தில் உதடு நொறுங்கியிருக்கிறது, மூன்று முழு ஓடு. மூன்றாம்அலை சொன்ன உப்பு விஷயம்தான். ஆறு பெரிய ட்ரோகஸ் சொல்லியிருக்கிறது, இரண்டு மேலே, நான்கு சம்ப்பில். விளக்கும் ஆறு மணி நேரமாகக் குறைந்தது. வாசலில் கதவாக இருக்கிற டர்போ ஓட்டை எடுத்துவிடலாமா?

முள்தொப்பி:
எடுக்காதீர்கள். வாசலைக் குறுக்க அதற்குக் கல்துண்டு போதவில்லை, அதனால்தான் ஓட்டை வைத்திருக்கிறது. எடுத்தால் இன்னொரு ஓட்டைத் தேடும், அந்த ஓட்டுக்குள் உங்கள் ட்ரோகஸ் இருக்கும். 1 செ.மீ. முதல் 4 செ.மீ. வரை கலந்து அரைக் கிலோ கல்துண்டு வாசலிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொட்டுங்கள். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் இழுத்துப் போய் அடுக்கிவிடும்.