கவர் பாடல் வெளியிட யாரிடம் அனுமதி வாங்குவது? அவசரம்

பீடோங் கீபோர்டு: வணக்கம். எங்கள் குழு பழைய பாடல் ஒன்றைக் கவர் செய்து, அதாவது நாங்களே மறுபடி பாடிப் பதிவு செய்து, முடித்துவிட்டது. தீபாவளிக்கு முன் வெளியிட வேண்டும். பதிவேற்றும் படிவத்தில் "இது கவர் பாடலா?" என்று கேட்கிறது. "இல்லை" என்று குறித்துவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

உருமிச் சத்தம்: பொய்யாகக் குறிக்காதீர்கள் தம்பி, பின்னால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். சினிமாப் பாடலா, பக்திப் பாடலா? ஒலி மட்டுமா, வீடியோவும் உண்டா? இசை யார் வாசித்தது?

லூனாஸ் லாரி: இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். "உரிமை உரியவர்களுக்கே" என்று கீழே ஒரு வரி போட்டால் போதும். என் மைத்துனன் அப்படித்தான் போடுகிறான். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

தாளம் தப்பாதவன்: பிடிபடாமல் இருப்பதற்குப் பெயர் அனுமதி அல்ல. இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து, ஒலிப்பதிவு வேறு சொத்து. நீங்களே வாசித்துப் பாடினால் முதலாவதற்கு மட்டும் அனுமதி வேண்டும்.

ரப்பர் வயலின்: அனுமதியே தேவையில்லை. அமெரிக்கச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, ஒருமுறை வெளியான பாடலை யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்யலாம். ராயல்டி, அதாவது உரிமைத்தொகை, கட்டினால் போதும்.

தாளம் தப்பாதவன்: அது அமெரிக்காவில் விற்பதற்கு. மலேசியாவின் கெடாவை அமெரிக்காவோடு எப்போது சேர்த்தார்கள்? அந்தப் பிரிவிலும் வீடியோ அடங்காது. இந்தியச் சட்டத்தில் கவர் பாடலுக்கென்று 2012இல் சேர்த்த 31சி பிரிவும் இருக்கிறது. முதல் பதிவுக்குப் பின் ஐந்து ஆண்டு கழிய வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். அதுவும் இந்தியாவுக்குள்தான் செல்லும். இங்கே நமக்கு மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். உரிமையாளரைக் கேளுங்கள்.

செம்பனை மேடு: கவிஞர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் தரும் எம்.ஏ.சி.பி. அமைப்பிடம் வாங்கினால் ஆகாதா? எங்கள் பாலாய் ராயா (சமூக மண்டபம்) கச்சேரிக்கு அங்கேதான் கட்டினோம்.

உருமிச் சத்தம்: அது பொது இடத்தில் பாடுவதற்கான உரிமம். அந்த ரசீதைக் காட்டிப் பதிவு வெளியிட முடியாது.

பீடோங் கீபோர்டு: எழுபதுகளின் சினிமாப் பாடல். ஒலியும் உண்டு, வீடியோவும் உண்டு. இசைக்கு இணையத்தில் கிடைத்த கரோக்கே, பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை. அதன்மேல் உருமியும் கீபோர்டும் மட்டும் நாங்கள். சரணத்தில் இரண்டு வரிகளை மாற்றி எங்கள் தோட்டத்தின் பெயரைச் சேர்த்திருக்கிறோம். இதெல்லாம் முக்கியமா?

தாளம் தப்பாதவன்: முக்கியமா என்று கேட்கிறார்!

உருமிச் சத்தம்: விடுங்கள், புதியவர். தம்பி, கரோக்கேயும் ஒருவர் செய்த ஒலிப்பதிவுதான், அதற்குத் தனி அனுமதி வேண்டும். முதலில் அதைத் தூக்கிவிட்டு நீங்களே வாசியுங்கள். வரிகளை மாற்றுவதற்கும் தனியாகக் கேட்க வேண்டும், கிடைப்பது கடினம். வீடியோவுக்குப் படத்தோடு இசையைச் சேர்க்கும் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. யூடியூபில் பாடல் அடையாளம் காணப்பட்டால் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவையே மறைக்கவும் செய்யலாம். அவர்கள் விட்டுவைத்தால் அது அவர்கள் பெருந்தன்மை. பழைய இசைத்தட்டின் உறையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், அங்கிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள்.

லூனாஸ் லாரி: நிறுவனத்திடம் ஏன் கேட்க வேண்டும்? பாட்டு இசையமைப்பாளருடையது. பெற்றவருக்கில்லாத உரிமையா?

ரப்பர் வயலின்: பணம் போட்டவர் தயாரிப்பாளர்.

லூனாஸ் லாரி: பணம் போட்டால் மெட்டு வந்துவிடுமா? நீங்கள் போட்டுப் பாருங்களேன்.

உருமிச் சத்தம்: இந்தியச் சட்டத்தின் 2012 திருத்தத்திற்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்பட்டால் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்தப் பங்கை எழுதிக் கொடுத்தும் இழக்க முடியாது. ஆனால் அனுமதி தருபவர் யார் என்பது பழைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பனை மேடு: தொல்லையே வேண்டாம், பாரதியார் பாடலைப் பாடுங்கள். நாட்டுடைமை ஆனது.

தாளம் தப்பாதவன்: வரிகள் மட்டும். சினிமாவில் கேட்ட மெட்டோடு பாடினால் மெட்டுக்காரர் வருவார்.

லூனாஸ் லாரி: அப்படியென்றால் தைப்பூசத்தில் எங்கள் குழு பாடுவதெல்லாம் திருட்டா?

ரப்பர் வயலின்: சில குழுக்கள் பாடுவதைக் கேட்டால் மெட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது.

பீடோங் கீபோர்டு: நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம், பதில் வரவில்லை. கரோக்கேயை எடுத்தாயிற்று. தீபாவளிக்கு ஆகாது. நன்றி.

உருமிச் சத்தம்: பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தெந்த நாடுகள், ஒலியா வீடியோவா, எத்தனை ஆண்டு என்று பிரித்துக் கேட்டு மறுபடி எழுதுங்கள். பொதுவாக "அனுமதி வேண்டும்" என்று எழுதினால் குப்பைக்குப் போய்விடும்.