அலெக் கின்னஸின் நடை: அப்பாவின் காலை மேடைக்குக் கொண்டுவரலாமா?

வட்டக்கச்சிப் பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஏஎல்லுக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்தவன். இப்போது ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாடகம் பழகுகிறோம். எனக்கு வந்த பாத்திரம் ஒரு கமக்காரர். ஒரு கால் இல்லை, பொய்க்காலோடு வயலுக்குப் போய் வருகிறவர்.

என் அப்பாவும் அப்படித்தான். 2010 இல் திரும்பி வந்து வளவு துப்புரவாக்கும்போது மிதிவெடி. இடது கால், முழங்காலுக்குக் கீழே. எனக்கு அப்போது 9 வயது.

முதல் நாள் பழகும்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கால் தன் பாட்டில் அப்பாவின் நடையை நடந்துவிட்டது. கூட நடிக்கிற அக்கா ஒருவர், "இது உன்ரை அப்பாவெல்லோ" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு அந்த நடை வருகுதில்லை. வீட்டில் அப்பாவுக்குத் தெரியாமல் ஏதோ எடுத்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது.

போன கிழமை குவாய் ஆற்றுப் பாலம் படம் பார்த்தேன். அதில் நடித்த அலெக் கின்னஸ் தன் சொந்த மகனின் நடையைத்தான் அந்தப் படத்தில் நடந்தார் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா? அவர் மேடையில் பழகி வந்தவரா, சினிமாவிலேயே பழகினவரா? வீட்டு ஆளின் உடம்பை இப்படி மேடைக்குக் கொண்டுவருவது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு ரீச்சர் எழுதியது:

தம்பி, உண்மைதான். கின்னஸே அதைச் சொல்லியிருக்கிறார். மகன் மத்தியூவுக்கு 11 வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனது. பிறகு மெல்ல மெல்ல எழும்பி நடந்தான். அந்தப் பிள்ளை திரும்ப நடக்கப் பழகின நடையைத்தான், ஜப்பானியரின் சிறைமுகாமில் தண்டனையாக அடைத்துவைத்த தகரப் பெட்டிக்குள் இருந்து வெளியே வரும் பிரித்தானியக் கைதி கேணல் நிக்கல்சனுக்கு, அதுதான் அவர் நடித்த பாத்திரம், கொடுத்தார். தான் செய்த வேலை எல்லாவற்றிலும் அந்தச் சில அடிகளை அவர் உயர்வாக நினைத்தார்.

அந்தக் காட்சியை இன்னொரு தரம் பாருங்கள். மீளக் குடியேறின காலத்தில் ஆவணி மாதத்து மத்தியானத்தில் தகரக் கொட்டிலுக்குள் இருந்த எங்களுக்கு அந்தப் பெட்டியை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முகட்டுத் தகரம் வெடிக்கிற சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். அதற்குள் நாள் கணக்காகக் கிடந்த மனிதன் வெளியே வந்து நடக்கிறான். வேறொரு நடிகர் என்றால் விழுந்து எழும்பிக் காட்டியிருப்பார். கின்னஸ் அதைச் செய்யவில்லை. நேராக நடக்கத்தான் பார்க்கிறார். உடம்பு ஒரு பக்கம் சரிகிறது, அவர் அதை இழுத்து நிமிர்த்துகிறார், முழங்கால் மறுபடி சொல் கேட்கவில்லை. நொண்டிக் காட்டுகிறவனுக்கும், நொண்டாமல் நடக்க முயல்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நான் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நிமிடத்தைத்தான் போட்டுக் காட்டுவேன்.

சரி, மேடையா சினிமாவா என்று கேட்டீர்கள். மேடைதான். 1914 இல் லண்டனில் பிறந்தவர். பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. விளம்பரக் கம்பனி ஒன்றில் வாசகம் எழுதுகிற வேலையில் இருந்துகொண்டு நடிப்புப் பழக ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் ஆங்கில மேடையின் பெரிய பெயர் ஜோன் கீல்குட். அவரிடம் யோசனை கேட்க, அவர் மார்ட்டிட்டா ஹண்ட் என்ற நடிகையிடம் பாடம் எடுக்கச் சொன்னார். 1934 இல் கீல்குட் போட்ட ஷேக்ஸ்பியரின் ஹம்லெட்டில் ஒஸ்ரிக் என்ற சின்னப் பாத்திரம் கிடைத்தது. நாலு வருடத்தில், 1938 இல், ஓல்ட் விக் அரங்கில் அவரே ஹம்லெட். டைரோன் கத்ரி நெறியாள்கை செய்தது. ஒரு வரியும் வெட்டாமல், பழைய அரச உடுப்பு இல்லாமல், 1938 இல் சனம் உடுத்தின உடுப்பிலேயே போட்டார்கள்.

அடுத்த வருடம் டிக்கன்ஸின் நாவல் ஒன்றைத் தானே நாடகமாக்கி, அதில் ஹேர்பேட் பொக்கெற் என்ற நண்பனாக நடித்தார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் டேவிட் லீன், பின்னாளில் நீங்கள் பார்த்த பாலப் படத்தை எடுத்த நெறியாளர். நடுவில் யுத்தம் வந்தது. கின்னஸ் கடற்படைக்குப் போய், 1943 இல் சிசிலியில் படை இறக்கினபோது ஒரு தரையிறங்கு கலத்தை நடத்தினார். திரும்பி வந்த பிறகு லீன் அதே கதையைப் படமாக எடுத்து, 1946 இல் அதே பாத்திரத்தை அவருக்கே கொடுத்தார். அந்தப் படத்தில் மிஸ் ஹவிஷம் யார் தெரியுமா? மார்ட்டிட்டா ஹண்ட். பாடம் சொல்லிக்கொடுத்தவரும் படித்தவரும் ஒரே படத்தில். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் என்றபடியால் இது எனக்குப் பெரிய விஷயம்.

அவர் பாத்திரத்தைக் காலில் இருந்து தொடங்குகிறவர். நடை பிடிபட்டால்தான் ஆள் பிடிபடும். 1979 இல் பிபிசி தொலைக்காட்சியில் ஜோர்ஜ் ஸ்மைலி என்ற உளவுத்துறைக் கிழவராக நடித்தார், 7 பகுதிகள். அதற்கு முன்னம், உண்மையிலேயே பிரித்தானிய உளவுத்துறைக்குத் தலைவராக இருந்த மொரிஸ் ஓல்ட்ஃபீல்டை ஒரு மத்தியானச் சாப்பாட்டில் சந்திக்க ஒழுங்கு செய்தார்கள். கின்னஸ் அவரிடம் இரகசியம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைக் கைப் பொத்தானைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், மனிதர் எழும்பிக் குடையோடு வீதியில் போகிற நடையைப் பார்த்தார்.

அந்தப் பாலப் படம் எடுத்தது எங்கள் நாட்டில்தான், கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில். பிள்ளைகளோடு சுற்றுலா போனபோது நான் பார்த்தேன். பாலம் இல்லை, அதைத்தான் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்களே. கரையில் கொங்கிரீட் அடித்தளம் மட்டும் பாசி பிடித்துக் கிடக்கிறது. பிள்ளைகள் ஆற்றில் கால் நனைக்கப் போய்விட்டார்கள். நான் அந்தக் கொங்கிரீட்டைத் தொட்டுக்கொண்டு நின்றேன். முதலில் அந்தப் பாத்திரம் வேண்டாம் என்று சொன்னவர் கின்னஸ். வந்த பிறகும் நிக்கல்சன் எப்படிப்பட்டவன் என்று லீனோடு சண்டை. கடைசியில் படம் 7 ஒஸ்கார் எடுத்தது, சிறந்த நடிகர் விருது இவருக்கு.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான். அப்பாவிடம் கேளுங்கள். எங்களிடம் கேட்க வேண்டாம்.

முள்ளியவளைக் கூத்துக்காரன் எழுதியது:

ரீச்சர் சொன்ன நடை விஷயத்தில் எனக்கும் ஒரு சொல் இருக்கிறது. நான் கோவலன் கூத்து ஆடினவன். எங்கள் பக்கத்துக் கூத்துக்கு முல்லைமோடி என்று பெயர். கூத்துப் பழக்கின அண்ணாவியார் முதலில் பாட்டுச் சொல்லித் தரவில்லை. வரவைத்தான் சொல்லித் தந்தார். அரசன் சபைக்கு வருகிற வரவு வேறு, கட்டியகாரன் வருகிற வரவு வேறு. மத்தளம் விழுகிற இடத்தில் காலும் விழ வேண்டும். கால் பிழைத்தால் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், "முதலிலிருந்து வா" என்று களரிக்கு வெளியே அனுப்பிவிடுவார். ஒரு மாரி முழுக்க நான் வரவு மட்டும் பழகினேன்.

எங்களில் ஒரு பாத்திரத்தை இரண்டு மூன்று பேர் பங்கு போட்டு ஆடுவோம், முன் கோவலன், பின் கோவலன் என்று. விடிய விடிய ஆடுகிற கூத்து, ஒருவருக்குத் தொண்டை தாங்காது. அந்த மனுசன் கின்னஸ் 1949 இல் ஒரே படத்தில் ஒரு குடும்பத்தின் 8 பேராக வந்தார், அதில் ஒருவர் பெண். என் பேரன் போட்டுக் காட்டினான். பாதிரியார், தளபதி, கிழவன், இளந்தாரி. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு விளங்காது. சத்தத்தை நிற்பாட்டிவிட்டுக் காலை மட்டும் பார்த்தேன். ஆளுக்கு ஆள் வேறு நடை. தாளம் தெரிந்த மனுசன்.

தம்பி, அப்பாவின் நடையில் ஒரு தாளம் இருக்கும். நல்ல கால் ஒரு எண்ணிக்கை, மற்றக் கால் ஒன்றரை. முதலில் அதைக் கையால் தட்டிப் பார். பிறகு காலுக்கு வரும்.

மடு வீதி எழுதியது:

மகன் நோயாகக் கிடந்த காலத்தில் கின்னஸ் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்குள் போய் இருப்பாராம். பிள்ளை சுகமாகிக் கத்தோலிக்கனாக விரும்பினால் தான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று அங்கே நேர்ந்துகொண்டார். மடுமாதாவிடம் நேர்த்தி வைத்து நடந்து போகிற எங்களுக்கு இது புதிதில்லை. பிள்ளை எழும்பினான், பிறகு கத்தோலிக்கனும் ஆனான். தகப்பன் 1956 இல் சேர்ந்தார். மனைவி மெருலா, இவர் இங்கே அந்தப் படத்தில் நடித்துக்கொண்டிருக்கும்போது சேர்ந்துவிட்டு, பிறகுதான் அவருக்குச் சொன்னார். அந்த நடைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அதனால்தான் அது களவு மாதிரித் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் எடுத்த எல்லா உடம்பும் அப்படி இல்லை. 1948 இல் டிக்கன்ஸின் இன்னொரு கதையில் ஃபேகின் என்ற யூதனாக நடித்தார். ஒப்பனையில் பெரிய மூக்கு ஒட்டிக்கொண்டு வந்தார். யூதர்கள் அவ்வளவு கொடுமை பட்டு முடிந்த கையோடு அந்த மூக்கு. 1949 இல் பேர்லினில் யூதர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை, வந்தபோதும் வெட்டித்தான் வந்தது. அது கெட்ட நோக்கத்தோடு செய்தது என்று நான் சொல்லவில்லை. பழைய சித்திரங்களைப் பார்த்துச் செய்த ஒப்பனை அது. ஆனால் பார்க்கிறவனின் காயம் அங்கே இருக்கிறது. 1984 இல் லீனின் கடைசிப் படத்தில் கோட்போலே என்ற இந்தியப் பிராமணராக வந்தார். நெற்றியில் நாமம், மேனியில் நிறம், எல்லாம் இருக்கிறது. எனக்கு அந்த ஆளை நம்ப முடியவில்லை. வீட்டுக்குள் இருந்து எடுத்த நடை 60 வருடத்துக்கு மேலாக நிற்கிறது, தூரத்தில் பார்த்து எடுத்தது ஒப்பனையாகவே நின்றுவிட்டது.

இன்னொன்று. அந்தப் படத்தில் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும்தான் பாதை போடுகிறார்கள். உண்மையான சயாம் பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் எப்படி நடந்தார்கள் என்று எந்த நடிகரும் காட்டவில்லை. இதை நான் கின்னஸில் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் உடம்பை எங்கள் மேடையில் நாங்கள்தான் நடக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் விட்டுவிட வேண்டாம்.

புதுக்குடியிருப்பு ரீச்சர் எழுதியது:

மடு வீதி, ஃபேகின் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. கோட்போலே விஷயத்தில் லீனுக்கும் பங்கு உண்டு, அவர்தான் இந்தியர் ஒருவரைத் தேடியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று, 1951 இல் கின்னஸ் தானே நெறியாள்கையிலும் சேர்ந்து மறுபடி ஹம்லெட் போட்டு, அது விழுந்துபோனது. அதோடு மேடையை விட்டு ஓடவில்லை. 1953 இல் கனடாவில் ஒரு சின்ன ஊரில், கூடாரம் அடித்துத் தொடங்கின நாடக விழாவுக்குப் போய் மூன்றாம் ரிச்சர்டாக நின்றார். 1964 இல் நியூயோர்க் மேடையில் நடித்து டோனி விருது வாங்கினார். உலகம் முழுக்க அவரை ஸ்டார் வோர்ஸ் என்ற விண்வெளிப் படத்துக் கிழவராகத்தான் தெரியும், எனக்கு அந்தக் கூடாரம்தான் பிடிக்கும். நாங்களும் படங்கு கட்டித்தான் நாடகம் போடுகிறோம்.

வட்டக்கச்சிப் பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னபடி அப்பாவிடம் கேட்டேன்.

கேட்கப் பயமாகத்தான் இருந்தது. பின்னேரம் அவர் திண்ணையில் இருந்து காலைக் கழற்றிக்கொண்டிருந்தார். போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். பிறகு, "திரும்பப் போடு" என்றார். மூன்று தரம் பார்த்தார். "இந்த ஆளுக்கு யாரோ வீட்டில இருந்திருக்கினம்" என்றார். நான் மகனின் கதையைச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். நடந்து காட்டு என்றார். முற்றத்தில் நடந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ காலைப் பார்த்து நடக்கிறாய். நான் ஒரு நாளும் காலைப் பார்க்கிறேல்லை" என்றார். அது உண்மை. அவர் இரண்டு அடி முன்னால் நிலத்தைப் பார்ப்பார், கல் கிடக்குதா, மணல் புதையுமா என்று. இத்தனை வருடம் கூட இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு துணி உறையைக் காட்டினார். காலையில் ஒன்று போடுவாராம், மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு. பகல் போகப் போகக் கால் கொஞ்சம் மெலிந்து, பொய்க்காலுக்குள் ஆடத் தொடங்கும். அப்படியென்றால் நாடகத்தின் முதல் காட்சி காலை, கடைசிக் காட்சி பின்னேரம், இரண்டுக்கும் ஒரே நடை வராது. எனக்கு இது யாரும் படிப்பிக்காத பாடம்.

கூத்துக்கார ஐயா, தாளம் தட்டிப் பார்த்தோம். அப்பாவே திண்ணையில் தட்டினார். ஒன்றரை இல்லை, ஒன்றே முக்கால் என்கிறார்.

கடைசியில் மேடையில் படி இருக்கா என்று கேட்டார். மூன்று படி என்றேன். ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது பொய்க்கால் முதல், மாறி வைத்தால் வாசலிலேயே பொய் என்று சனத்துக்குத் தெரிந்துபோகும் என்றார். சனிக்கிழமை பழகும்போது தானும் வருகிறாராம்.