சமயபுரத்தாள் பட்டினி கிடக்கும் நாட்கள்: அவரவர் அனுபவம்

கொள்ளிடக்கரை:

மாசி கடைசி ஞாயிறு நெருங்குகிறது. திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் ராத்திரியிலிருந்தே ஊர் முழுக்க மேளச் சத்தம்தான். பூத்தட்டு ஏந்திய பெண்கள், சீரியல் பல்பு போட்டு அம்மன் படம் வைத்த வண்டிகள், மஞ்சள் உடுத்திய பிள்ளைகள் எல்லாரும் கொள்ளிடம் பாலம் தாண்டி சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். பூச்சொரிதல். அன்றைக்குத்தான் ஆத்தா பச்சைப் பட்டினி ஆரம்பிக்கிறாள். பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாள்.

அந்த நாட்களில் உங்களுக்கு நடந்ததை, நீங்கள் கண்ணால் பார்த்ததை இங்கே எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு. வெளியூர் அன்பர்களுக்காக விவரத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

சாமியை வேண்டிக்கொண்டு நாம் விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. சமயபுரத்தில் சாமியே நமக்காக விரதம் இருக்கிறாள். இந்த 28 நாளும் அவளுக்குச் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், நறுக்கிய பழம் இவ்வளவுதான் நைவேத்தியம். ஜனங்கள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவள் வயிற்றைக் காயப்போடுகிறாள். பூச்சொரிதலும் அதற்காகத்தான். பட்டினி கிடந்து உடம்பு கொதிக்கும் பெண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பூவைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

தலக்கதை இப்படி. மகிஷாசுரனை வதம் செய்த பிறகு அம்பாளுக்குக் கோபம் அடங்கவில்லை. அசுரனே ஆனாலும் ஓர் உயிரைக் கொன்ற பாவம் வேறு. அது தீர மஞ்சள் ஆடை உடுத்தி, அன்னம் தண்ணீர் இல்லாமல், வேப்பமரக் காட்டில் தவம் இருந்தாள். தேவர்களும் முனிவர்களும் பூவாகச் சொரிந்து அவளைக் குளிர்வித்தார்கள். அந்தத் தவத்தைத்தான் வருஷா வருஷம் திரும்ப இருக்கிறாள். கோபத்தில் ஒரு நியாயம் இருந்தும், அதற்கும் தன்னை வருத்திக்கொள்கிற தெய்வம் இவள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பெரிதாகத் தெரிவது அதுதான்.

ஒரு வருஷம் எங்கள் தெருக்காரர்களோடு பூத்தட்டு எடுத்துப் போயிருந்தேன். வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் துறையூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர். தட்டும் இல்லை, மாலையும் இல்லை. புடவை முந்தானையில் செவ்வரளிப் பூவை முடிந்து வைத்திருந்தார். வீட்டுச் செடியில் பறித்ததாம். சன்னதிக்கு நேரே வந்ததும் முடிச்சை அவிழ்க்கிறார், விரல் நடுங்குகிறது, அவிழ மாட்டேன் என்கிறது. பின்னால் இருந்து தள்ளுகிறார்கள். பாட்டி நிமிர்ந்து அம்மனைப் பார்த்து, "இருடி ஆத்தா, வயித்தைக் காயப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே, இதோ தந்துடறேன்" என்றார். பெற்ற மகளிடம் பேசுகிற அதே குரல். அங்கே நின்ற குருக்கள் அவரே கை நீட்டி அந்தப் பூவை வாங்கி அம்மன் மடியில் வைத்தார். கழுத்தளவு பூவுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். ஜனங்களுக்குத் தாயாக இருப்பவள் இந்த ஒரு மாதம் எல்லார் வீட்டுக்கும் மகளாகிவிடுகிறாள் என்று அன்றைக்குத்தான் பட்டது. மகள் சாப்பிடாமல் இருந்தால் அம்மாவுக்குச் சோறு இறங்குமா?

சரி, இனி நீங்கள் எழுதுங்கள்.

வேப்பிலைக்காரி:

அண்ணா, என் மகனுக்கு அம்மை போட்டதும் இந்த விரத நாட்களில்தான். அப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. ராத்திரி காய்ச்சல், காலையில் முதுகில் நீர் கோத்த முத்துக்கள். மாமியார் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினார், அடுப்பில் இருந்த வாணலியை இறக்கினார். அதன்பிறகு வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. இளநீர், மோர்க்கஞ்சி, பழம். அவனைப் பேர் சொல்லிக்கூடத் திட்டக் கூடாது என்று உத்தரவு. "வீட்டுக்கு வந்திருக்கிறவ மனசு கோணக் கூடாது" என்றார்.

டாக்டரிடமும் அன்றைக்கே காட்டினோம். சின்னம்மைதான், மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், சொறிய விடாதீர்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள் என்றார். கர்ப்பமாக இருப்பவர்கள் பக்கத்தில் வரவே வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். என் நாத்தனார் அப்போது மாசமாக இருந்தாள். அவளை அன்றைக்கே அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மாத்திரையையும் நிறுத்தவில்லை, வேப்பிலையையும் எடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த ராத்திரிகளைப் பற்றி. பிள்ளைக்கு அரிப்பு தாங்காமல் அழுகை. வேப்பங்கொழுந்தால் மெல்ல வருடிவிட்டால் கொஞ்சம் அடங்குவான். நான் சாப்பிட்டு எத்தனை நேரம் ஆயிற்று என்றுகூட நினைவில்லாமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு ராத்திரி அவன் கண்ணைத் திறந்து, "அம்மா, ஆத்தாவும் சாப்பிடலையா?" என்று கேட்டான். பாட்டி சொல்லி வைத்திருக்கிறார். "ஆமாண்டா, உனக்காகத்தான் சாப்பிடாம இருக்கா" என்றேன். அதைக் கேட்டுவிட்டு, தான் பாதி குடித்து வைத்திருந்த இளநீரைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னான். எச்சில் இளநீர். மாமியார் ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர்தான் எழுந்து போய் அதை வைத்துவிட்டு வந்தார்.

முத்து உதிர்ந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றிய பிறகு சமயபுரம் கூட்டிப் போய் உப்பும் மிளகும் கொட்டினோம். மூக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வடு இருக்கிறது. இப்போது பெரிய பையன். "ஆத்தா கையெழுத்து" என்று சொல்லிக்கொள்வான்.

திருவரங்கத்துப் பொண்ணு:

விரத நாட்களுக்கு வெளியே ஒன்று சொல்லலாமா? தைப்பூசத்துக்குச் சமயபுரத்தாள் கொள்ளிடக் கரைக்கு வருவாள். அன்றைக்கு ரங்கநாதர் கோயிலிலிருந்து அவளுக்குச் சீர் போகும். பட்டு, மாலை, மங்கலப் பொருட்கள். அண்ணன் தங்கைக்குக் கொடுக்கிற பிறந்த வீட்டுச் சீர். யசோதைக்குப் பிறந்து, கண்ணனுக்குப் பதிலாகக் கம்சன் கைக்குப் போய், அவன் கைக்குத் தப்பி வானத்தில் எழுந்த அந்த மாயைதான் இவள் என்பது பெரியவர்கள் சொல்வது. அண்ணன் உயிருக்காகத் தன்னை முன்னால் நிறுத்திய தங்கை. அதனால்தான் ஊருக்காகப் பட்டினி கிடப்பதும் அவளுக்கு இயல்பாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு கதையும் உண்டு. முதலில் எங்கள் ஊரில்தான் வைஷ்ணவியாக இருந்தாளாம். உக்கிரம் தாங்க முடியவில்லை என்று ஜீயர் சொல்ல, வடக்கே தூக்கிப் போனார்கள். வழியில் இளைப்பாறிய இடம் இனாம் சமயபுரம், பிறகு இப்போது சமயபுரம் என்கிற கண்ணனூரில் ஓலைப் பந்தலுக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அப்புறம் விஜயநகரப் படை அந்த வழியாகப் போனபோது, ஜெயித்தால் கோயில் கட்டுகிறோம் என்று வேண்டி, சொன்னபடி கட்டினார்கள். கண்ணனூர் 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர்களின் தெற்குத் தலைநகராக இருந்த ஊர். அரசர்கள் போய்விட்டார்கள், வெளியே அனுப்பப்பட்டவள் அங்கே ராணியாக இருக்கிறாள். என் பாட்டி சீர்த்தட்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் அழுவார். "போகச் சொன்ன வீட்டுக்காகவும் சேர்த்துத்தானே பட்டினி இருக்கா" என்பார்.

லால்குடியான்:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். என் தகப்பனாரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அந்தக் காலத்தில் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் அம்மை குத்தும் வேலை பார்த்தவர். இப்போது அறுபது தாண்டியவர்கள் மேல்கையைப் பாருங்கள், வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அது அவரைப் போன்றவர்கள் போட்டது.

பெரியம்மை எப்படிப்பட்டது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வந்தால் பிழைப்பது அவரவர் விதி. பிழைத்தவர்களிலும் கண் போனவர்கள் உண்டு. நோயாளியை வாழை இலையில் கிடத்தியிருப்பார்களாம், துணி பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும் என்று. ஊசிக்காரர் வருகிறார் என்றால் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். ஆத்தா வந்து இறங்கும் உடம்பில் ஊசி குத்தினால் அவள் கோபிப்பாள் என்று பயம்.

அப்பா யாரிடமும் சாமியைப் பற்றி வாதம் செய்ததில்லை. ஊருக்குள் போனதும் முதலில் அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போவார். பெட்டியைப் படியில் வைத்துக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவார். "ஆத்தா உத்தரவு வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன், தாயி. பிள்ளையைக் கொண்டு வா" என்பார். அது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. அவர் அதை முழுசாக நம்பினார். ஜனங்களைக் காப்பாற்றத்தானே அவள் பட்டினி கிடக்கிறாள், அதே வேலையைத்தான் நானும் செய்கிறேன், அவள் ஏன் கோபிக்கப் போகிறாள் என்று எங்களிடம் கேட்பார்.

1975இல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை. 1980இல் உலகம் முழுக்க ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் செய்தி வந்தபோது அப்பா செய்தித்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சமயபுரம் போனார். என்னையும் கூட்டிப் போனார். தாளைச் சன்னதிப் பக்கம் காட்டி ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "இனிமே நீ சாப்பிடலாமேன்னு கேட்டேன்" என்றார்.

அடுத்த மாசியிலும் அவள் பட்டினி தொடங்கினாள். ஜனங்களும் குறையவில்லை, கூடினார்கள். அப்பா அதில் ஏமாற்றம் அடையவே இல்லை. "ஒரு நோய் போனா அவ கவலை தீர்ந்துடுமா? பெத்தவளாச்சே" என்றார். நோயைக் கொடுப்பவளும் அவள், எடுப்பவளும் அவள் என்பதை வைத்து அவளை வெறும் பயமாகப் பார்ப்பவர்களுக்கு அப்பா சொல்லும் பதிலை இங்கே வைக்கிறேன்: பிள்ளைக்கு நோய் வந்தால் தானும் கூடப் பட்டினி கிடப்பவளைப் பார்த்து எதற்குப் பயம்?

கரும்புத்தொட்டில்:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

எங்களுடையது சின்ன அனுபவம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் எங்கள் மகள். கரும்பு கட்டித் தொட்டில் சுமப்பதாக என் மனைவி வேண்டியிருந்தாள். சித்திரைத் தேருக்கு முன்னால் அதைச் செலுத்தினோம். நீளமான கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் சேலையை நடுவில் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே போட்டு, முன்னால் நான், பின்னால் அவள். கரும்புக் கணு தோளில் உறுத்துகிறது. தரை சுடுகிறது, வழியெல்லாம் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருகிறார்கள். பிள்ளை அழவில்லை, தூங்கிவிட்டாள். சுற்றி வந்து முடித்ததும் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா கேட்காமலே பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னார். அவருக்குப் பிள்ளை இல்லையாம். அவரும் வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தார். என் மனைவி அந்தக் கரும்பில் ஒன்றை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அவருக்காகவும் ஒரு மாவிளக்கு போடுகிறோம்.

கொள்ளிடக்கரை:

எழுதிய எல்லாருக்கும் கோடி நன்றி. தனிச்செய்தியில் சிலர் கேட்டதற்கு இங்கேயே பதில்.

மூலவருக்கு ஏன் அபிஷேகம் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். மூலத் திருமேனி சுதையால் ஆனது, அதனால் தண்ணீர் படக் கூடாது. அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான்.

வீட்டிலும் விரதம் இருக்கலாமா என்றால், தாராளமாக. மஞ்சள் உடுத்திக்கொண்டு 28 நாளும் இருப்பவர்கள் உண்டு, ஒருவேளை உணவோடு இருப்பவர்களும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் பட்டினி கிடக்க வேண்டாம். உங்களுக்காகத்தான் அவள் கிடக்கிறாள்.

துள்ளுமாவுக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, இடித்துச் சலித்து, பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்தால் போதும். அடுப்பில் ஏற்றக் கூடாது. வெல்லத்தில் கல் இருக்கும், பார்த்துச் சலியுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலிருந்து பூத்தட்டு கிளம்புகிறது. திருச்சிக்கு வர முடியாதவர்கள் உங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூ கொண்டுபோய்க் கொடுங்கள். போய் வந்தவர்கள் இங்கே வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.