புதுப்பிப்பு: கொறங்காடு தீசிஸ் தலைப்பு ஓகே ஆகிவிட்டது

நிலத்தோற்ற வடிவமைப்பு முதுகலை தீசிஸுக்குக் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) எடுக்கலாமா, "மேய்ச்சல் காட்டில் வடிவமைக்க என்ன இருக்கு" என்று கைடு கேட்கிறாரே என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். ஜூரி (தீசிஸ் மதிப்பீட்டுக் குழு) ஒத்துக்கொண்டது, ரொம்ப சந்தோஷம்!

நீங்கள் சொன்னபடி பிளானை (மேலிருந்து பார்க்கும் வரைபடம்) ஓரம் வைத்துவிட்டு செக்‌ஷனைத்தான் (குறுக்குவெட்டு வரைபடம்) காட்டினேன்: கீழே கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல மர நிழல், சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. வெள்வேலங்காயை மாடு தின்கிறது, சாணத்தோடு விதை விழுகிறது, காட்டைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல்லும் மீள்கிறது. இதைவிட நல்ல வடிவமைப்பு எது?

வேலியை அளக்கும்போது தோட்டத்துக்கார அய்யா, "போத்து வெட்டி ஊனுனா தானா தழைஞ்சுக்குமுங்க" என்றார் (போத்து என்றால் கிளைத் துண்டு), ஆனால் இப்போது பலரும் கம்பிவேலிக்குப் போவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம், மூலனூர், தாராபுரம் பக்கம் பழைய கிளுவை வேலி இருந்தால் சொல்லுங்க, வந்து அளந்துகொள்கிறேன்.