புதுப்பிப்பு: குருமடத்தை விட்டு வந்துடலாமான்னு கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கத்தோலிக்க குருவாகுறதுக்குப் படிக்கிற குருமடத்துல நான் தத்துவம் முடிச்சு இறையியல் முதல் வருஷம்; ஜெபிக்கும்போது யாரும் கேக்குற மாதிரியே இல்ல, கிளம்பிடட்டுமான்னு மார்ச்ல கேட்டிருந்தேன்.

கடவுள் உண்டுன்னு நிரூபிக்கிற புத்தகங்கள் எனக்கு உதவல. ஒவ்வொரு வாதத்துக்கும் எதிர்வாதம் தானா வந்துச்சு. கைகொடுத்தது ஒரு சிஸ்டர் சொன்னதுதான்: மனவறட்சியில இருக்கும்போது பழைய முடிவை மாத்தாதே. இயேசு சபையைத் தொடங்குன புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரோட விதி அது. கூடவே தினமும் வேதாகமத்துல திருப்பாடல் (சங்கீதம்) 88 படிச்சேன். மத்த புலம்பல் பாட்டுல பெரும்பாலானது கடைசியில நம்பிக்கைக்குத் திரும்பும். இது இருளோடயே முடியும். அதையும் வேதாகமத்துல வெச்சிருக்காங்களேன்னு மூச்சு விட முடிஞ்சுது.

எதிர்பாராதது இது: லீவுக்கு காசிமேடு வந்தேன். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள், அதனால அப்பா கடலுக்குப் போகாம வீட்லதான் இருந்தாரு. வலை பின்னிக்கிட்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, "வந்துட்டா வா, சோறு இருக்கு"ன்னாரு. அவ்ளோதான். என் பயத்துல பாதி தெரு என்ன பேசும்ங்கிறதுதான்னு அப்பதான் புரிஞ்சுது. (அம்மா ரெண்டு நாள் பேசல, அது தனிக்கதை.)

சந்தேகம் போகல. ஆன்ம குருகிட்ட (குருமடத்துல எங்களுக்கு ஆன்மிக வழி காட்டுறவர்) சொல்லிட்டேன், அவர் அதிரல. ஜூன்ல திரும்பிப் போறேன்.